நாய் குடித்த பாடம்

ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைத்தகட்டில் செய்த எரிமலை ஒன்றை அவர் யன்னலுக்கு வெளியே தள்ளிவிட்ட அன்றுதான் அவரை முதன்முதலாகக் கண்டேன். வீசி அடித்தார் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு கையாலும் பக்குவமாகத் தூக்கினார். யன்னல் விளிம்பில் வைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். ஒரு பக்கம், மறு பக்கம், திரும்பவும் முதல் பக்கம். மாட்டிக்கொண்டார். பிறகு ஒற்றை விரலால் தள்ளினார். கீழே வேப்பஞ்சருகில் விழுந்த சத்தம்கூட எழவில்லை. பாரமே இல்லாத மலை.

அந்த எரிமலை அங்கே பழம் புள்ளி. ஏ-ஒன்பது வீதியிலிருந்து உள்ளே போகும் கிறவல் பாதையில் இருந்தது எங்கள் ஆசிரியர் பயிற்சி நிலையம். அங்கே வருகிற ஒவ்வொரு பயிலுநரும் கற்பித்தல் உபகரணம் ஒன்றைத் தானே ஆக்கிக் காட்ட வேண்டும். ஆக்குவது கஷ்டம். முந்தின தொகுதி அக்காமாரிடம் கேட்டு வாங்கி, மேலே புதுப் பெயின்ற் அடிப்பது சுலபம். எரிமலையைச் சுரண்டினால் சிவப்புக்குக் கீழே மண்ணிறம், அதற்குக் கீழே இன்னொரு சிவப்பு. எத்தனையோ பேர் அதைத் தங்கள் கண்டுபிடிப்பு என்று காட்டிப் புள்ளி வாங்கியிருந்தார்கள். மதிப்பிட வந்தவர்களுக்கும் அது தெரியும். ஆண்டுதோறும் அதே மலையைப் பார்த்து அதே வியப்பை வியந்தார்கள்.

"எரிமலை படிப்பிக்க வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை" என்றார் அவர், அதைக் கொண்டுவந்த பயிலுநரிடம். "இது ஆருக்கு எண்டுதான் கேக்கிறன். பிள்ளைக்கோ, பாக்க வாறவைக்கோ?"

இது ஆருக்கு. அவரோடு வேலை செய்த காலமெல்லாம் இந்தக் கேள்வி என் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டே இருந்தது.

அங்கே விரிவுரையாளராக இருந்த அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் கோபிப்பார். பெயர் போட்ட பனரைக் கண்டால் கோபிப்பார், குழுப்படத்துக்குக் கூப்பிட்டால் கோபிப்பார், நன்றியுரையில் தன்னைச் சொன்னால் எழும்பிப் போய்விடுவார். வன்னியில் கோபத்துக்கு எப்போதும் குறைவில்லை. படையினர் இன்னும் விடாத காணிக்குக் கோபம், யானை மிதித்த வயலுக்குக் கோபம், கைகாட்டியும் நிற்காத பஸ்ஸுக்குக் கோபம், திறக்கவேண்டிய நேரத்தில் திறக்காத குளத்துக்குக் கோபம். அவருடைய கோபம் இவற்றோடு சேராதது. புதுசு மாதிரி நடிக்கிற பழசின் மீது மட்டும் அது பாயும். அப்போது குரல் உயராது, தாழும். நாங்கள் கண்ணாடியைத்தான் கவனிப்போம். கண்ணாடி கழன்று சேலைத் தலைப்புக்குள் போனால், அடுத்து வரப்போகிற வசனத்துக்கு முன்னால் நிற்கக்கூடாது. தேத்தண்ணி குடிக்க எழும்பிப் போய்விட வேண்டும்.

நான் அங்கே தமிழ் விரிவுரைக்கு வந்தவன். அப்போதும் இப்போதும் வசனத்தை வாக்கியமாக முடிக்கத் தெரியாதவன், எதையும் ஒரு படிமத்தில் தொங்கவிட்டுவிட்டு ஓடுகிறவன். அந்த ஆண்டு ஒரு திட்டம் வந்தது. ஆசிரிய பயிலுநரின் புத்தாக்கத் திறனை வளர்க்கும் கலப்பு முறைப் பயிற்சி. பாதி நிலையத்தில் நேருக்கு நேர், பாதி போனில். கொழும்பிலிருந்து தடித்த கையேடு ஒன்று வந்தது. அட்டையில் மடிக்கணினிக்கு முன்னால் சிரிக்கிற ஒரு பெண். உள்ளே முதற் பக்கத்தில், 'எந்த நேரமும், எந்த இடத்திலும் கற்கலாம்.' அதை எங்கள் பகுதிக்கு ஏற்றதாக வடிவமைக்கும் பொறுப்பு அவருக்கு. அதற்குத் தமிழ் எழுதும் பொறுப்பு எனக்கு.

முதல் பாடத்துக்கு ஒரு முன்னுரை எழுதினேன். கற்றல் ஒரு நதி என்று தொடங்கி, அது மலையில் பிறந்து, கடலைத் தேடி, இப்படியே ஒரு பக்கம். அவர் வாசித்தார். கண்ணாடி கழன்றது. எனக்கு எழும்ப நேரம் கிடைக்கவில்லை.

"சேர், வன்னியிலை வருசம் முழுக்க ஓடுற ஆறு ஒண்டு காட்டுங்கோ பாப்பம். எங்கடை ஆக்களுக்குக் குளந்தான் தெரியும். துருசைத் துறந்தால் தண்ணி வரும், துறக்காட்டி வராது. ஆர் துறக்கிறது, எப்ப துறக்கிறது, கடைசி வயலுக்குப் போய்ச் சேருதோ, இதை எழுதுங்கோ. உங்கடை தமிழ் நல்ல வடிவு. வாசிச்சு முடிய எனக்கு நித்திரை வந்திட்டுது."

அந்த முன்னுரை கிழிபட்டது. குளத்து மதகான அந்தத் துருசைப் பற்றி எழுதினேன். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் திறக்கிற நாளில் வாய்க்கால் ஓரமாக மண்வெட்டியோடு நிற்கிற ஆட்களைப் பற்றி எழுதினேன். அதை வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவரிடமிருந்து கிடைக்கக்கூடிய பெரிய பாராட்டு அதுதான் என்று பிறகு விளங்கிற்று.

கையேட்டை மேசையில் வைத்துவிட்டு ஸ்கூட்டியில் ஏறிப் போவார். எங்கே போகிறார் என்று சொல்லமாட்டார். பயிலுநர்களின் வீடுகளுக்குத்தான் போனார், போனில் எத்தனை சிக்னல் கோடு தெரிகிறது என்று பார்க்க. அந்தத் தொகுதியில் வந்தவர்கள் பள்ளிக்கூடம் முடித்து நேரே வந்த பிள்ளைகள் அல்ல. தொண்டர் ஆசிரியர்களாக ஆண்டுக்கணக்கில் சம்பளமில்லாமல் படிப்பித்தவர்கள், அகதி முகாம் கூடாரத்துக்குள் படிப்பித்தவர்கள், கூரையில்லாத மண்டபத்தில் படிப்பித்தவர்கள். கடைசியில் நியமனம் கிடைத்தது, ஆனால் ஒரு நிபந்தனையோடு: பயிற்சியில் தேறினால்தான் நிரந்தரம். தேறாவிட்டால் வீட்டுக்கு.

அவர்களில் ஒருத்தி தர்சினி. உடையார்கட்டுப் பக்கம். இரண்டு பிள்ளைகளின் தாய், புருசன் மேசன் வேலை. ஒரு நாள் என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு அங்கே போனார். நேரலை வகுப்பு நடந்துகொண்டிருந்த நேரம். வளவுக்குள் போனால், மாமரத்துக்குக் கீழே உரலைக் கவிழ்த்துவிட்டு அதன்மேல் ஏறி நிற்கிறாள் தர்சினி. தலைக்கு மேலே கிளையில் ஒரு சொப்பிங் பை தொங்குகிறது. பைக்குள்ளிருந்து யாரோ ஒருவர் புத்தாக்கச் சிந்தனையின் படிநிலைகளைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்கிறார். அந்தக் கிளையில் மட்டும்தான் சிக்னல். கேள்வி கேட்டால் பதில் சொல்வதற்கு உரல். கையில் கொப்பி. இடுப்பில் சின்னவன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருடைய கண்ணாடியைப் பார்த்தேன், சிரிப்பு போய்விட்டது.

"எந்த நேரமும் எந்த இடத்திலும்" என்றார், மெல்ல. "இறங்கு பிள்ளை. விழுந்து கிழுந்து போகப்போறாய்."

"வரவு போடுவினம் மிஸ்."

"நான் போடுறன். இறங்கு."

மறுநாள் நேரலை வகுப்புகள் முழுவதையும் வெட்டினார். பாடங்களைக் குரலாகப் பதிவுசெய்து, பயிலுநர்கள் நிலையத்துக்கு வரும் சனிக்கிழமையில் போனில் ஏற்றிக் கொடுத்துவிடுவது. வீட்டில், வயலில், பஸ்ஸில், பிள்ளை தூங்கும்போது கேட்கட்டும். சிக்னல் வேண்டாம், மரம் வேண்டாம். அவர்கள் தரப்பில் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. தங்கள் வகுப்பில் பிழைத்துப்போன ஒரு பாடத்தைக் குரலில் பதிந்து கொண்டுவர வேண்டும். வென்ற பாடம் வேண்டாம், கவிழ்ந்த பாடம்தான் வேண்டும். அதை எல்லாருக்கும் முன்னால் போட்டுக் கேட்டு, அடுத்த கிழமை அதே பாடத்தை வேறுமாதிரிச் செய்து, அதையும் பதிந்து கொண்டுவர வேண்டும்.

புத்தாக்கத்துக்கு இது என்ன வழி என்று நிலையத்தில் கேட்டார்கள். அவர் நீண்ட விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை. சரிவந்த பாடத்தை ஆரும் மாத்தமாட்டினம் என்று மட்டும் சொன்னார்.

முதல் சனிக்கிழமை போட்டுக் கேட்ட பதிவெல்லாம் வெற்றி. பிள்ளைகள் கோரசாக விடை சொல்கிறார்கள், ஆசிரியர் மிக நன்று என்கிறார், கைதட்டல். பிழை என்று சொன்னவர்களும் கடைசி நிமிடத்தில் பிழையைத் திருத்தி, கைதட்டலோடு முடித்திருந்தார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. பிழையைக் காட்டினால் வேலை போகும் என்று இந்த மண்ணில் யாருக்குத்தான் தெரியாது? பிழையை மறைத்து உயிர் தப்பியவர்களிடம் போய், பிழையைக் கொண்டுவா என்கிறார் இவர். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடி மூக்கில் ஏறவே இல்லை.

"இதெல்லாம் எரிமலை" என்றார். "வேறை ஏதும் கிடக்கோ?"

கடைசி வாங்கிலிருந்து தர்சினி எழும்பினாள். போனை நீட்டினாள். முகம் வேறு பக்கம்.

பதிவில் ஐந்தாம் வகுப்பு. நீர் ஆவியாதல். ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி முற்றத்து வெயிலில் வைத்துவிட்டு வந்து, மதியத்துக்குப் பிறகு பார்ப்போம், தண்ணீர் எங்கே போகிறது என்று அப்போது தெரியும் என்கிறாள் தர்சினியின் குரல். பிறகு பிள்ளைகள் ஓடுகிற சத்தம். பிறகு தர்சினியின் குரல், பெருமையாக: "இப்ப தட்டைப் பாருங்கோ. தண்ணி எங்கை போச்சுது?"

ஒரு பொடியனின் குரல்: "ஜிம்மி குடிச்சிட்டுது ரீச்சர்."

அதோடு பாடம் முடிந்தது. சிரிப்பு, கூச்சல், கதிரை விழுகிற சத்தம். ஆவியாகினது என்று அவள் சொல்லப்பார்க்கிறாள். இல்லை ரீச்சர், நான் கண்டனான், நக்கி நக்கிக் குடிச்சது என்று இன்னொரு குரல். நாயும் வந்து வாசலில் நின்றிருக்க வேண்டும், யாரோ அதை ரீச்சர் என்று கூப்பிடுகிறார்கள். தர்சினி மன்றாடுகிறாள். மணி அடிக்கிறது.

மண்டபம் சிரித்து விழுந்தது. அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அன்றைக்கு அதுதான் முதற்தடவை.

"பிள்ளை, அடுத்த கிழமை என்ன செய்யப்போறாய்?"

"நாயைக் கட்டிப்போட்டு..."

"அதைப் பிள்ளையளிட்டைக் கேளன்."

அடுத்த கிழமை தர்சினி கொண்டுவந்த பதிவை நான் இன்னும் மறக்கவில்லை. நாய் குடிக்காமல் தண்ணீரை எப்படிக் காப்பாற்றுவது என்று அவள் வகுப்பைக் கேட்டிருந்தாள். வகுப்பு குழுக்களாகப் பிரிந்து சண்டை பிடித்தது. ஒரு குழு தட்டைச் சுற்றி முள்ளு வேலி போட்டது. ஒரு குழு கண்ணாடிப் பெட்டி மூடியால் தட்டையே மூடியது. ஒரு குழு ஆளுக்காள் காவல் இருந்தது. கடைசியில் வேலி போட்ட தட்டு வற்றிப்போயிருந்தது, மூடின தட்டு வற்றவில்லை, மூடியின் உட்புறத்தில் துளி துளியாகத் தண்ணீர். ஒரு பெட்டைப்பிள்ளை கத்துகிறாள்: "மூடினதிலை ஏன் வத்தேல்லை? வேலிக்குள்ளை ஜிம்மி போகேலாது, அப்ப அதை ஆர் குடிச்சது?" தர்சினி விடை சொல்லவில்லை. பதிவில் நீண்ட நேரம் அவளுடைய குரலே இல்லை. பிள்ளைகள், பிள்ளைகள், பிள்ளைகள் மட்டும்.

நான் இவ்வளவு காலம் எழுதியிருக்கிறேன். இப்படி ஒரு வசனம் எனக்கு ஒரு நாளும் வாய்த்ததில்லை. வேலிக்குள் நாய் போகாது, அப்படியானால் யார் குடித்தது?

அன்றைக்குப் பிறகு கவிழ்ந்த பாடங்கள் வரத் தொடங்கின. நெடுங்கேணிப் பக்கத்திலிருந்து, முல்லைத்தீவுக் கரையிலிருந்து, காட்டோரத்துப் பள்ளிக்கூடங்களிலிருந்து. ஒருத்தர் தான் கேட்ட கேள்வியே பிழை என்று பதிந்து வந்தார். சனிக்கிழமைகளில் அந்த மண்டபம் சந்தை மாதிரி இரைந்தது. அந்த இரைச்சலுக்குள் கண்ணாடியைக் கழற்றாமல் அவர் உட்கார்ந்திருந்த சில மாதங்கள் இருந்தன. அவ்வளவுதான். சில மாதங்கள்.

பிறகு மதிப்பீட்டுக் குழு வந்தது. குழுத் தலைவர் கெட்டவர் அல்ல, அதுதான் என் வயிற்றெரிச்சல். கெட்டவராக இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். மென்மையானவர், எல்லாரையும் பெயர் கேட்டுக் கும்பிட்டவர். புத்தாக்கக் காட்சியில் எரிமலை திரும்ப வந்திருந்தது. சருகிலிருந்து யார் பொறுக்கினார்களோ. இப்போது உள்ளே சிவப்பு பல்ப். ஆளியைத் தட்டினால் எரியும். சிறந்த புத்தாக்கமாகத் தேர்ந்ததும் அதுதான்.

தர்சினியின் முதற் பதிவைப் போட்டுக் கேட்டார்கள். நாய் குடிச்சிட்டுது என்ற இடத்தில் நிறுத்தினார்கள். வகுப்பறைக் கட்டுப்பாடு இல்லை, பாட நோக்கம் அடையப்படவில்லை, தேறவில்லை. அடுத்த பதிவையும் கேளுங்கள் என்று இவர் வற்புறுத்தினார். கேட்டார்கள். பாதியில் நிறுத்திவிட்டு, இதில் இன்னும் சத்தம் கூட என்றார்கள். ஆசிரியரின் குரலே இல்லையே, இவர் எங்கே படிப்பித்தார்?

கண்ணாடி கழன்றது. ஒருவரும் எழும்பிப் போகவில்லை, அவர்களுக்குத்தான் அது தெரியாதே.

"பிழையைக் கொண்டுவாங்கோ எண்டு சொன்னது நான். நம்பிக் கொண்டுவந்தவா அவா. கொண்டுவந்ததுக்கு அவாவைப் பெயிலாக்கினால், நான் அவாவை ஏமாத்தினதெண்டு அர்த்தம். பெயிலாக்கிறதெண்டால் என்னைப் பெயிலாக்குங்கோ."

குழுத் தலைவர் கனிவாகச் சிரித்தார். "மெடம், பிழை இருக்கலாம். நாங்களும் அதைத்தான் விரும்பிறம். ஆனா அது மூண்டு நிமிசத்துக்குள்ளை வெற்றியிலை முடியவேணும். காணொலியாப் போடலாம், எல்லாருக்கும் காட்டலாம்."

ஒரு சலுகையும் தந்தார். தர்சினி அதே பாடத்தை ஒழுங்காகச் செய்து, காணொலியாக எடுத்து அனுப்பினால் மீள்பரிசீலனை செய்யலாம். அதுவும் அந்த மாதத்துக்குள். இல்லாவிட்டால் நியமனம் நிறுத்தப்படும்.

ஸ்கூட்டியில் ஏறி அவர் அன்றே உடையார்கட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். போகும்போது அவர் மனதில் இருந்தது என்னவென்று எனக்குத் தெரியும்: எடுக்காதை பிள்ளை, மேல்முறையீடு செய்வம், நான் எழுதித் தாறன், கொழும்புக்கும் போவம். வளவுக்குள் நின்றபடியே அதைச் சொல்லவும் தொடங்கினார். தர்சினி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். புருசன் கிணற்றடியில் சீமெந்து கழுவிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மரியாதையாக, கதிரை எடுத்துப் போட்டு, இவரை இருத்திவிட்டுத்தான் சொன்னார்.

"மிஸ், குறை நினைக்காதேங்கோ. இவள் தொண்டரா நிண்ட காலமெல்லாம் நான் ஒண்டும் கேட்டதில்லை. இப்பதான் ஒரு வேலை எண்டு கைக்கு வந்திருக்கு. உங்கடை கோவத்தைக் குசினியிலை வைச்சுச் சமைக்கேலாது மிஸ்."

மாமரத்தில் அந்த சொப்பிங் பை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது, வெறுமையாக, காற்றில் உப்பி உப்பி. கண்ணாடி கழலும் என்று காத்திருந்தேன். கழலவில்லை. அவருடைய கை மூக்கடி வரைக்கும் போய்த் திரும்பி வந்து மடியில் விழுந்தது. கோபத்தைவிடப் பயங்கரமான ஒன்றை அப்போதுதான் அவர் முகத்தில் கண்டேன்: கோபப்பட இடமில்லாத ஒருவரின் முகம்.

"ஓம்" என்றார். "நீங்கள் சொல்லுறது சரி." பிறகு தர்சினியிடம்: "எடு பிள்ளை. வடிவா எடு. நானும் வாறன்."

எடுத்தார்கள். சுவருக்குப் புதுத் தாள் ஒட்டினார்கள். பிள்ளைகளுக்குச் சப்பாத்து. கேள்வியும் விடையும் முதல் நாளே சொல்லிக் கொடுக்கப்பட்டன. வேலிக்குள் யார் குடித்தது என்று கேட்டவளுக்கு, "நீர் ஆவியாகி வளியில் கலந்துவிட்டது, ஆசிரியை" என்று ஒரு வரி. அதை அவள் சொல்லும்போது கண் தர்சினியைப் பார்க்கவில்லை, கமராவைப் பார்த்தது.

ஜிம்மி வரக்கூடாது. கட்டிப்போட்டால் ஊளையிடும். யாராவது பக்கத்தில் நிற்க வேண்டும். ஆட்கள் யோசித்துக்கொண்டிருக்க, அவர் கயிற்றை வாங்கினார்.

அந்தக் காட்சியை நான் சாகும்வரை சுமப்பேன். பள்ளிக்கூடத்துப் பின்சுவர், சூடு பறக்கும் மதியம், பூவரச மர நிழல் ஒரு சாண். ஒரு பயிற்சி முறையையே வடிவமைத்த பெண், எரிமலையை யன்னலால் தள்ளிய பெண், குந்திக்கொண்டு ஒரு பறை நாயைக் கயிற்றில் பிடித்திருக்கிறார், முன்னால் நடக்கிற பொய் கலையாமல் இருக்க. ஒரு தடவை நாய் துள்ளிக் குரைத்தது. "சத்தம் போடாதை, பொறு" என்றார் அதனிடம். பொறு. அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதற்கு முதல் கேட்டதே இல்லை.

தர்சினி தேறினாள். நியமனம் நிரந்தரமானது. மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள். அடுத்த தவணை அவர் விரிவுரை வேலையை விட்டுவிட்டு, தானே கேட்டு வாங்கி, காட்டோரத்துச் சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் படிப்பிக்கப் போய்விட்டார். எந்த ஊர் என்று எழுதவில்லை. போன் எடுத்தால் கிடைக்காது, அங்கே சிக்னல் இல்லை. நான் ஒரு தடவையும் போகவில்லை. போய் எந்த முகத்தோடு என்ன சொல்ல? உங்கள் முறை நன்றாக ஓடுகிறது என்றா?

ஓடுகிறதுதான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போன கிழமை விழா வைத்தார்கள். எந்த நேரமும் எந்த இடத்திலும் என்று பனர். கவிழ்ந்த பாடம் என்ற பகுதி எடுக்கப்பட்டு அந்த இடத்தில் வெற்றிக் கதைகள். முன்மேசையில் எரிமலை, பல்ப் எரிய எரிய. புதிய தொகுதிப் பயிலுநர்கள் வரிசையாக. நடுவில், சிறப்பு அதிதியாக, முன்மாதிரி ஆசிரியை தர்சினி. திரையில் அந்தக் காணொலி. நாடு முழுக்கக் காட்டப்போகிறார்களாம்.

அந்தக் காணொலியை நான் முதலிலும் பார்த்திருக்கிறேன். நடுவில் ஓரிடத்தில், பிள்ளைகள் தட்டைக் குனிந்து பார்க்கும்போது, தூரத்தில் ஒரு நாய் குரைக்கும். அந்தக் குரைப்பின் வாலில், காது கொடுத்தால் மட்டும், ஒரு பெண் குரல் கேட்கும். பொறு. அதற்காகக் காத்திருந்தேன். அந்தப் பொய்க்குள் இருந்த ஒரே உண்மைக்காக.

அந்த இடம் வந்தது. புல்லாங்குழல் ஒலித்தது. குரைப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு மேலே இசை பூசியிருந்தார்கள்.

மண்டபம் கைதட்டியது. நான் எழும்பி வெளியே வந்துவிட்டேன். நெஞ்சுக்குள் அடித்ததைக் கோபம் என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கு வெட்கம். பெயர் வேண்டாம் என்றவர், படம் வேண்டாம் என்றவர். தன் பயிற்சிக்குள் அவர் விட்டுப்போனது நாய்க்குச் சொன்ன ஒரு சொல்தான். அதையும் விட்டுவைக்க மனமில்லாத சனம்.

மதியம் சாப்பாட்டுப் பார்சலோடு வேம்புக்குக் கீழே புதுப் பயிலுநர்கள் கூடியிருந்தார்கள். தர்சினி மாலையைக் கழற்றிக் கதிரைக் கையில் கொழுவிவிட்டு வந்தாள். என்னைக் கண்டாள்.

"சேர், மிஸ்ஸின்ரை சத்தத்தை எடுத்துப்போட்டினம். கேட்டனீங்களோ?"

ஓம் என்றேன்.

அவள் போனை எடுத்தாள். பழைய பதிவு, நாய் குடித்த முதல் பாடம். இவ்வளவு காலமும் வைத்திருந்திருக்கிறாள். சத்தத்தைக் கூட்டி நடுவில் வைத்தாள். தண்ணி எங்கை போச்சுது? ஜிம்மி குடிச்சிட்டுது ரீச்சர். பயிலுநர்கள் சோற்றுக் கையோடு சிரித்தார்கள். இரண்டாவது பதிவையும் போட்டாள். சிரிப்பு மெல்ல மெல்ல நின்றது. வேலிக்குள்ளை ஜிம்மி போகேலாது, அப்ப அதை ஆர் குடிச்சது? யாரோ ஒருத்தி பார்சலை மூடி வைத்துவிட்டுக் கிட்ட வந்தாள்.

"அக்கா, இதையல்லோ எங்களுக்குக் காட்டியிருக்க வேணும்? இதுக்கு என்ன குடுத்தவை?"

"பெயில்" என்றாள் தர்சினி.

மண்டபத்துக்குள் அதிதிகள் சாப்பிடுகிற சத்தம் கேட்டது, கரண்டியும் சிரிப்பும். தர்சினிக்குக் கண்ணாடி இல்லை. போனைக் கையிலெடுத்து, அதன் திரையைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். ஒரு பக்கம், மறு பக்கம், திரும்பவும் முதல் பக்கம். பிறகு மண்டபத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள்.

நான் பாதையை விட்டு விலகி நின்றேன்.